பின்னாடி டிரெய்லர் இருக்கா? அப்போ மூடியை யோசிச்சு வாங்குங்க

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள், உங்கள் கோயில் குழுவில் வண்டி ஓட்டுபவர் யாராவது இருந்தால் அவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பிப்ரவரி 1ஆம் தேதி தைப்பூசம் நல்லபடியாக முடிந்ததிலிருந்து எங்களுக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "உங்க பிக்கப்புக்கு என்ன மூடி போட்டீங்க? டிரெய்லரும் இழுக்குறீங்களே, பின்கதவு இடிக்கலையா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் எழுதி விரல் தேய்ந்துவிட்டது. பங்குனி உத்திரம் வேறு வரப்போகிறது. ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் இப்போதே சாமான் சேர்க்க ஆரம்பித்திருப்பார்கள். அதனால் எங்களுக்குத் தெரிந்ததை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் யாரென்று தெரியாதவர்களுக்கு: செங்காங்கிலும் பக்கத்தில் பொங்கோலிலும் குடியிருக்கும் எட்டுத் தொண்டூழியர்கள். ஒருவர் ஏர்கான் வேலை, ஒருவர் பள்ளி ஆசிரியை, இரண்டு பேர் துறைமுகம், மற்றவர்கள் ஆபீஸ். திருவிழா வந்தால் காவடிச் சட்டங்கள், அன்னதானப் பாத்திரங்கள், மடக்கு மேசைகள், பால்குடத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாவற்றையும் இங்கிருந்து சிராங்கூன் சாலைக்குக் கொண்டுபோய், முடிந்தபின் திரும்பக் கொண்டுவருவது எங்கள் வேலை. வண்டி, குழுவில் உள்ள ஓர் அண்ணனுடையது. குத்தகை வேலைக்காக வாங்கிய டபுள் கேப் பிக்கப். அதன் பின்தளம் நீளத்தில் ஒன்றரை மீட்டர்தான். காவடிச் சட்டங்கள் அதில் அடங்காது. அதனால் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பின்னால் மாட்டுகிறோம். சட்டங்கள் டிரெய்லரில், பாத்திரம் பண்டங்கள் பின்தளத்தில், பால் மட்டும் எப்போதும் ஆள் உட்காரும் இடத்தில், ஏசியில்.

இந்தக் கடைசி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த மூடி வாங்கினாலும் பாலையும் சமைத்த சோற்றையும் மூடிய பின்தளத்தில் நீண்ட நேரம் வைக்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் கறுப்பு மூடிக்கு அடியில் அடுப்பு மாதிரி கொதிக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பு எல்லாருக்கும் சொல்லும் பாடம். சமைத்த சாப்பாட்டுக்கு நாலு மணி நேரக் கணக்கு இருக்கிறது. மூடி, மழைக்கும் காற்றுக்கும் தான். அது குளிர்பெட்டி ஆகாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு மூடி வாங்க ஏன் இவ்வளவு யோசனை?

எங்கள் ஊரில் அப்பா தாத்தா காலத்தில் ஒரே மூடிதான். தார்ப்பாய். பெயரிலேயே தாரும் இருக்கிறது, பாயும் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் நெல் மூட்டை லாரிக்கு கிளீனர் பையன் ஏறி நின்று கயிறு இழுத்துக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனி வித்தை. ஒழுங்காகக் கட்டினால் தார்ப்பாயை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அந்த லாரி மெதுவாகப் போகும். பின்னால் மாட்டு வண்டி வரும். நம்ம சாலை அப்படி இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறோம். அப்போது பிக்கப்பும் இல்லை, டிரெய்லரும் இல்லை. ஒரு வாடகை லாரி பேசி, சுங்கை காடுட்டில் வைத்திருந்த காவடிச் சட்டங்களை செங்காங்குக்குக் கொண்டுவந்தோம். லாரியும் தார்ப்பாயும் அவர்களுடையது, கட்டியதும் அவர்கள் ஆட்கள். நாங்கள் நாலு பேர் பின்னால் காரில். சிலேத்தார் விரைவுச்சாலை முடிந்து தெம்பனிஸ் விரைவுச்சாலையில் நுழையும்போது மழை பிடித்தது. வடகிழக்குப் பருவமழை, சொல்லவே வேண்டாம். திடீரென்று தார்ப்பாயின் ஒரு மூலை பித்தளை வளையத்தோடு கிழிந்து மேலே எழுந்தது. முதலில் பட்டம் மாதிரி ஆடியது. அப்புறம் அதில் கட்டியிருந்த கயிறு விடுபட்டு, சாட்டை மாதிரி பின்னால் வீசியது. எங்களுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள்.

அந்தத் தம்பி எப்படியோ வண்டியைச் சாய்த்து ஓரத் தடத்துக்குப் போய்விட்டார். கீழே விழவில்லை. முருகன் செயல் என்று நாங்கள் சொல்வோம், அவருடைய கைத்திறமை என்றும் சொல்ல வேண்டும். ஜொகூரிலிருந்து சாங்கிக்கு இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தமிழ்ப் பையன். லாரியும் ஓரங்கட்டியது. அந்த மழையில் அவரே இறங்கி வந்து, கயிற்றைப் பிடித்து, "இப்படிக் கட்டுனா நிக்காதுண்ணே, ஒரு கண்ணி போட்டு அதுக்குள்ள விட்டு இழுங்க" என்று காட்டினார். கட்டி முடித்ததும் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல், ஒன்று கேட்டார். "கயிறு போனா வேற வாங்கிக்கலாம். நான் போயிருந்தா எங்க வீட்டுக்கு யாருண்ணே போய்ச் சொல்லுவீங்க? என் பேருகூட உங்களுக்குத் தெரியாதே."

பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். இங்கே எழுதவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்தப் பெயருக்கு ஓர் அர்ச்சனை உண்டு.

பால்குடம் சுமக்கிறவருக்கு வேண்டுதல் இருப்பது போல, நம் வண்டிக்குப் பின்னால் வருகிறவருக்கும் வீடு இருக்கிறது. எந்த மூடி வாங்குவது என்று பேச உட்காரும்போதெல்லாம் எங்களுக்கு அந்தத் தம்பி நினைவுதான் முன்னால் வரும். விலை, அழகு எல்லாம் அப்புறம்.

காற்றுக் கணக்கு ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கு ஆகிறது. செங்காங் உள்சாலையில் 40இல் போகும்போது சும்மா படபடக்கும் துணி, விரைவுச்சாலையில் 80இல் போகும்போது நாலு பேர் சேர்ந்து இழுப்பது மாதிரி. அதோடு மேலே ஓடும் காற்றுக்கு அழுத்தம் குறைவு, அடியில் நிற்கும் காற்றுக்கு அழுத்தம் அதிகம். அதனால்தான் தளர்வான தார்ப்பாய் பூரி மாதிரி உப்பி மேலே தூக்குகிறது. நாம் போகிற வழியையும் பாருங்கள். செங்காங்கிலிருந்து ஊருக்குள் போக காலாங்–பாய லேபார் விரைவுச்சாலை. 12 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் சுரங்கம். அதற்குள் ஒரு துணி விழுந்தால் பின்னால் வருகிறவர் விலகிப் போக எங்கே இடம்?

சரி, கடையில் என்னென்ன கிடைக்கிறது? நாங்கள் காக்கி புக்கிட் பக்கம் இரண்டு மூன்று சனிக்கிழமை அலைந்து பார்த்தது இது.

ஒன்று, சுருட்டும் துணி மூடி. கனமான வினைல் துணி, இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டம். பாயைச் சுருட்டுவது போல முன்பக்கம் சுருட்டிக் கட்டிவிடலாம். எடை குறைவு, பெரும்பாலும் 20 கிலோ சுற்று வட்டாரம்.

இரண்டு, மடிப்பு மூடி. மூன்று நாலு பலகையாக மடியும். துணியிலும் வரும், அலுமினியத்திலும் வரும். அலுமினியமானால் திருட்டுப் பயம் குறைவு, எடை கூடும்.

மூன்று, உருள் மூடி. கடை ஷட்டர் மாதிரி ஒரு பெட்டிக்குள் சுருண்டு போகும். பார்க்க அருமை. ஆனால் அந்தப் பெட்டி பின்தளத்தின் முன்பக்கத்தில் உட்கார்ந்து இடத்தைத் தின்னும். நம் தளமே ஒன்றரை மீட்டர். பெட்டியில் தண்ணீர் வடியக் குழாய் இருக்கும், அதில் இலையும் பூவும் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். கோயில் வண்டியில் பூ இல்லாமல் எப்படி?

நாலு, ஒரே பலகை மூடி. கார் பூட் மாதிரி மேலே தூக்குவது. தளத்தின் விளிம்புக்கு மேல் ஒரு அண்டா தலை நீட்டினாலும் மூட முடியாது.

ஐந்து, கூண்டு. ஃபைபர் கிளாஸ் அல்லது இரும்பில் முழுசாக மேலே எழும்பும். உயரமான சாமானும் உள்ளே போகும், மழைக்குப் பத்திரம், பூட்டலாம். எடையும் அதற்கேற்ற மாதிரி.

வெறும் பிக்கப் என்றால் இதில் எது வாங்கினாலும் பெரிய தப்பில்லை. பின்னால் டிரெய்லர் மாட்டியதும் கணக்கு மாறுகிறது. எங்கள் அனுபவத்தில் நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, பின்கதவு. டிரெய்லரின் மூக்கு வண்டியின் கொக்கியில் உட்காரும் இடத்துக்கு நேர் மேலேதான் பின்கதவு கீழே விழும். டிரெய்லர் மூக்கில் ஒரு ஜாக்கி நிற்கும், கழற்றி வைக்கும்போது தாங்குவதற்காக. நிறைய டிரெய்லர்களில் மாட்டிய பிறகு பின்கதவைத் திறந்தால் அந்த ஜாக்கியின் தலையில் 'டங்'கென்று இடிக்கும், இல்லையென்றால் பாதிதான் திறக்கும். இங்கேதான் மூடியின் சூட்சுமம். பல மூடிகளில் பின்விளிம்பு பின்கதவின் மேல் படிந்து உட்காரும், தாழ் கதவுக்கு உள்பக்கம் இருக்கும். பின்கதவைத் திறக்காமல் மூடியைத் திறக்க முடியாது. டிரெய்லர் மாட்டியிருந்தால் பின்கதவைத் திறக்க முடியாது. அப்புறம் பாத்திரத்தை எப்படி எடுப்பீர்கள்? நள்ளிரவில் பால்குடங்கள் புறப்படும் நேரத்தில், ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்தில், டிரெய்லரைக் கழற்றி, தள்ளி வைத்து, கதவைத் திறந்து... நினைத்துப் பாருங்கள். அதனால் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "பின்கதவு மூடியே இருக்கும்போது பக்கவாட்டிலிருந்து இதைத் திறக்க முடியுமா?" வாய் வார்த்தையை நம்பாதீர்கள், திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எடை. டிரெய்லரை இழுப்பதால் அதன் எடை முழுக்க பின்னால்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்காருகிறது. பொதுவாக டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். சாமானோடு 700 கிலோ டிரெய்லர் என்றால் 70 கிலோ. அந்த 70 கிலோவும் வண்டியின் சுமைத்திறனில்தான் கழியும். அது மட்டுமில்லை, கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர் இடைவெளி, பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ பின் அச்சில் 98 கிலோவாக அழுத்தும். முன்பக்கத்தை 28 கிலோ தூக்கும். சீசா பலகை மாதிரிதான். ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். இதற்கு மேல் பின்தளத்தில் 90 கிலோவுக்கு ஒரு கூண்டையும் ஏற்றினால்? சுமைத்திறன் 950 கிலோ என்று வையுங்கள். ஐந்து பேர் 350, கொக்கி 70, மீதி 530. கூண்டு போனால் 440. சுருட்டும் துணி மூடி போட்டால் 510. அந்த 70 கிலோ வித்தியாசத்தில் மூன்று 20 லிட்டர் தண்ணீர்க் கேனும் ஒரு பெரிய சட்டியும் போகும். அன்னதானத்துக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தார்ப்பாய்க்காரர்களுக்கும் ஓர் எடைக் கணக்கு இருக்கிறது. தொய்வாகக் கட்டினால் மழைத் தண்ணீர் குளம் கட்டும். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 50 லிட்டர், 50 கிலோ. பிரேக் போட்டதும் அந்தக் குளம் முழுக்க முன்னால் ஓடும். துணி மூடி வாங்கினாலும் அடியில் குறுக்குக் கம்பி இருக்கிறதா, நடுவில் லேசாகக் கூரை மாதிரி உயர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கண்ணாடி. ஓட்டுநர் உள்கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் தெரிய வேண்டும். அதன் சாமான் அசைகிறதா, விளக்கு எரிகிறதா, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா. தட்டையான மூடி என்றால் பார்வை மேலே போய்விடும். கூண்டு போட்டால் இரண்டு கண்ணாடி தாண்டிப் பார்க்க வேண்டும், இரவில் மழையில் ஒன்றும் தெரியாது. காவடிச் சட்டம் ஏற்றியபின் எப்படியும் பாதி மறைக்கும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதற்குப் பக்கக் கண்ணாடியில் நீட்டுக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் சாமான் இறக்கிய பிறகு, காலி டிரெய்லரோடு, கூட்டம் நிறைந்த இடத்தில் பின்னால் எடுப்பதுதான் ரொம்ப ஆபத்து. அப்போது அந்த உள்கண்ணாடி வேண்டும்.

நாலாவது, திருப்பம். வீவக வாகன நிறுத்தத்தில் டிரெய்லரோடு வளைந்து திரும்பிப் பாருங்கள். டிரெய்லரின் முன்மூலை பிக்கப்பின் பின்மூலையை உரசுகிற அளவுக்கு வரும். மூடியின் சட்டமோ கைப்பிடியோ பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முதலில் அடிபடும். சுருட்டிய துணியைக் கட்டும் வாரும் தொங்கக் கூடாது. இன்னொன்று, செங்காங்கில் எங்கள் புளோக்குகளுக்கு எல்லாம் பலமாடி வாகன நிறுத்தம்தான். நுழைவாசலில் உயரக் கம்பி தொங்கும், பெரும்பாலும் 2 மீட்டருக்குச் சற்று மேல். உயரமான கூண்டு வாங்குகிறவர்கள் முதலில் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் பின்தளத்துக்கு நடுவிலேயே கொக்கி வைத்து பெரிய டிரெய்லரை இழுப்பார்கள். அங்கே மூடி நடுவில் திறந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டவே முடியாது. அது நமக்கு வேண்டாம். எங்கள் குழுவில் துறைமுகத்தில் பிரைம் மூவர் ஓட்டும் தம்பிக்கு மட்டும் அந்தப் பேச்சு வந்தால் வாய் மூடாது.

இவ்வளவும் பேசி, எடை குறைந்த சுருட்டும் துணி மூடி என்று நாங்கள் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு புரவலர் ஐயா வந்தார். எங்களுக்குப் பல வருடமாக உதவுகிறவர், மரியாதைக்குரியவர். "துணியெல்லாம் எதுக்குப்பா? ஃபைபர் கிளாஸ்ல கூண்டா போடுங்க. நான் தர்றேன். பின்பக்கம் பெருசா வேல், அதுக்குக் கீழ எங்கப்பா பேரு. அவர் போயி இது பத்தாவது வருஷம்."

என்ன சொல்வது? அப்பா பெயருக்கு ஒருவர் செய்ய வரும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? குழுவில் இரண்டு பிரிவு. "அவர் மனசு நோகக் கூடாது, வாங்கிக்குவோம்" என்று நாலு பேர். "டிரெய்லர் மாட்டினா ஆபத்து" என்று மூன்று பேர். வண்டிக்கார அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் போனையே எடுக்கவில்லை.

பால் பொறுப்பைப் பார்க்கும் அக்காதான் வழி கண்டுபிடித்தார். கூண்டு போட்ட பிக்கப் வைத்திருக்கும் ஒரு நண்பரைக் கூப்பிட்டு, அதில் எங்கள் டிரெய்லரைக் காலியாக மாட்டச் சொன்னார். புரவலர் ஐயாவை மாலை ஏழரைக்கு வரச் சொல்லி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். என்ஜின் போடவில்லை, சாவிகூட அக்கா கையில். டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "ஐயா, உள்கண்ணாடியில பாருங்க, நான் தெரியறனா?" என்று கத்தினார்.

"இல்லம்மா."

"கையைத் தூக்கறேன். இப்ப?"

"தெரியலயேம்மா."

அடுத்து எங்கள் பிக்கப்பில் உட்கார வைத்து அதே மாதிரி. தட்டைத் தளம். அக்கா முழுசாகத் தெரிந்தார்.

ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இறங்கி வந்து டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து சங்கிலியைப் பிடித்துப் பார்த்தார். "இது துருப் பிடிச்சுருக்கே. டயரும் வெடிச்சுருக்கு. யாரு வண்டி இது?" வாடகை வண்டி என்று சொன்னோம். "வாடகைக்கு எடுத்து எடுத்து எத்தனை வருசம் ஓட்டுவீங்க? கூண்டுக்கு வச்ச காசுல நல்லதா ஒரு டிரெய்லருக்குச் சேர்த்துக்கறேன். அது வர்ற வரைக்கும் எவன்கிட்ட எடுத்தாலும் சங்கிலி, விளக்கு, டயர் மூணையும் பார்த்துட்டு எடுங்க." அக்கா தயங்கித் தயங்கி, "ஐயா, அப்பா பேரு...?" என்றார். அவர் சிரித்துவிட்டார். "சங்கிலியில எங்கம்மா பேரு எழுதறது? எங்கப்பா முப்பது வருசம் லாரி ஓட்டுனவரு. கூண்டைக் காட்டுனா என்னடா இது கோழிக்கூடுன்னு கேப்பாரு. சங்கிலின்னா அவருக்குப் புரியும்."

அன்று எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

இந்த வருடம் தைப்பூசத்துக்குப் போனது துணி மூடியோடுதான். குறுக்குக் கம்பி நாலு, பக்கத்திலிருந்து இழுத்தால் திறக்கும் தாழ், பின்கதவைத் தொட வேண்டியதே இல்லை. கழற்ற இரண்டு பேர், பத்து நிமிடம். குறை இல்லையா என்றால் இருக்கிறது. கத்தி வைத்துக் கீறினால் போச்சு, விலை உயர்ந்த சாமானை அதில் விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் சாமானோடு ஒருவர் எப்போதும் இருப்பார். வெயிலில் துணி இறுகும், தையல் நூல் உலரும். மாதம் ஒருமுறை துடைத்து, தையலை விரலால் தடவிப் பார்க்கிறோம். வண்டியில் தினமும் விலை உயர்ந்த கருவிகள் வைத்திருக்கும் குத்தகைக்காரர்களுக்கு அலுமினிய மடிப்பு மூடியே மேல், தாழ் மட்டும் நாங்கள் சொன்ன மாதிரி இருக்கட்டும். டிரெய்லரே இழுக்காதவர்கள் கூண்டு போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

காவடிச் சட்டங்கள் டிரெய்லரில் போகின்றன அல்லவா, அதற்குத் தார்ப்பாயேதான். ஆனால் ஜொகூர்த் தம்பி காட்டிய கண்ணி முடிச்சு. அதன் மேல் ஒரு வலை. கயிற்று முனைகள் எல்லாம் உள்ளே சொருகி இருக்கும், ஒரு சாண்கூட வெளியே ஆடாது. மயிலிறகு தனிப் பெட்டியில். கிளம்பி ஐந்து நிமிடத்தில் ஓரிடத்தில் நிறுத்தி எல்லாக் கட்டையும் மறுபடி இழுத்துப் பார்ப்போம். புதுக் கட்டு எதுவானாலும் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தளரக்கூடும்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம்.

ஒன்று, மூடி இருக்கிறது, மழை படாது என்று பின்தளத்தில் ஆட்களை ஏற்றாதீர்கள். முன்பெல்லாம் லாரியில் காவடியோடு குடும்பமே ஏறிப் போன கதையைப் பெரியவர்கள் ஆசையாகச் சொல்வார்கள், நாங்களும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். இப்போது சட்டப்படி சரக்கு வண்டியின் பின்தளத்தில் முதலாளி தன் ஊழியர்களை வேலைக்கு அழைத்துப் போவதற்கே பல நிபந்தனைகள் இருக்கின்றன. தொண்டூழியர்களுக்கும் பக்தர்களுக்கும் அந்த இடம் இல்லை. தெம்பாக இருக்கிறவர்கள் செங்காங் நிலையத்தில் வடகிழக்கு ரயில் ஏறினால் ஃபேரர் பார்க் போய் இறங்கலாம், பெருமாள் கோயில் பக்கத்திலேயே. வயதானவர்களுக்கு நாங்கள் கார் ஏற்பாடு செய்கிறோம், கேளுங்கள்.

இரண்டு, கொக்கி பொருத்துவதோ கூண்டு போடுவதோ, கடைக்காரர் "பிரச்சினை இல்ல பாஸ்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் உண்டு. வாடகைக்கு எடுக்கும்போது அதன் ஆவணத்தையும் காப்புறுதியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் வண்டியின் காப்புறுதி டிரெய்லர் இழுப்பதையும் சேர்த்துக்கொள்கிறதா என்றும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது டிரெய்லரையும் கையோடு மாட்டிக்கொண்டு போங்கள். மாட்டியபடியே மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பங்குனி உத்திரத்துக்குச் சாமான் ஏற்ற ஆள் குறைகிறது. சனிக்கிழமை மாலைகளில் வர முடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள். முடிச்சுப் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் சொல்லித் தருகிறோம்.

முருகா சரணம்.